அம்மா தங்கிவிட்ட ஊர்

ஏற்காட்டு ஏரிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த அம்மா, அந்த ஏரியில் முதன்முதலாகப் படகில் ஏறியபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஒரு காலைப் படகிலும் இன்னொரு காலைப் படித்துறைப் பலகையிலும் வைத்துக்கொண்டு அவள் தவித்ததும், படகு மெல்ல விலகப் போனபோது அப்பாவின் சட்டைத் தோளைப் பற்றிக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்ததும், இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. படகோட்டி சிரித்தார். தம்பியும் நானும் சிரித்தோம். ஏரியின் நடுவுக்குப் போன பிறகுதான் அவள் தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தாள். மரங்கள், மரங்களுக்கு மேலே வெள்ளைக்காரர் காலத்து ஓட்டு வீடுகள், அதற்கும் மேலே பாதி மேகத்தில் மறைந்த மலை. "நம்ம ஊரு இப்படியாங்க இருக்குது?" என்று அப்பாவிடம் கேட்டாள். அந்த ஊரைத் தானே செய்து கொடுத்ததுபோல அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

அந்த ஊரில் இருப்பவர்கள் படகில் போவதில்லை. படகு, குதிரை, 'பாயிண்ட்' என்று சொல்லப்படும் காட்சி முனைகள் எல்லாம் சீசனுக்கு வருகிறவர்களுக்கு உரியவை. அம்மாவின் அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். கூலியாட்களின் வருகையைக் குறிப்பது, பழம் பறிப்பதை மேற்பார்வையிடுவது அவர் வேலை. தோட்டத்து வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அம்மா பள்ளியில் படிக்கும்போதே அவளுடைய தாய் இறந்துவிட்டாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவளுக்குக் கல்யாணமான மறு ஆண்டு அவள் அப்பாவும் போய்விட்டார். வீடு அடுத்து வந்த ரைட்டருக்குப் போயிற்று. அதோடு அவள் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமலாயிற்று.

அப்பாவின் குடும்பம் செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருப்பது. வேலூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு வந்து, அங்கேயே நிலைத்துவிட்ட கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு ஊர்ப் பங்குச் சாமியார்களும் பேசி முடித்த கல்யாணம் அது. அப்பா ஓர் அரசுத் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்யும் டர்னர். விடியும் முன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். மல்காஜ்கிரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு எங்களுடையது. ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது அடுப்புக்குள் இருப்பதுபோலத்தான். எங்களுக்கு அது பழக்கம். அம்மாவுக்குக் கடைசிவரை பழகவில்லை. தரையில் தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஈரச்சேலையை ஜன்னலில் கட்டி, வாளித் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு மதியம் முழுவதும் உட்கார்ந்திருப்பாள்.

வெயிலையாவது பொறுத்திருப்பாள் என்று பிற்பாடு தோன்றியது. அக்கம்பக்கத்தில் தெலுங்கு, உருது. காய்க்காரியிடம் விரலைக் காட்டித்தான் விலை பேசுவாள். அப்பா வாசலில் நின்று நண்பர்களோடு தக்கணி இந்தியில் பேசி வயிறு குலுங்கச் சிரிப்பார். உள்ளே வரும்போது களைத்திருப்பார். தம்பியும் நானும் அந்த ஊர்ப் பிள்ளைகள். அம்மா தமிழில் கேட்பது எங்களுக்குப் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்பாள். ஒன்றுமில்லை என்பதற்கு "குச் நை" என்றுவிட்டு ஓடிவிடுவோம். சாப்பாடு வேண்டாமென்றால் "நக்கோ". தெலுங்கு வாத்தியார் சொன்ன வேடிக்கையை நானும் தம்பியும் தெலுங்கிலேயே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறவளானாள். அவள் சுபாவமே அப்படி, அதிகம் பேசாத பெண்பிள்ளை என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு முதல்முறையாக எல்.டி.சி. கிடைத்தது. கம்பெனி செலவில் குடும்பத்தோடு எங்கேயாவது போய்வரலாம். கூட வேலை செய்தவர்கள் டெல்லி, ஆக்ரா, காஷ்மீர் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏற்காடு என்றார். இலவசமாகக் காஷ்மீர் பார்க்கக் கிடைக்கிறபோது மாமனார் ஊருக்கா போவது, அதுவும் மாமனாரே இல்லாத ஊருக்கு, என்று நண்பர்கள் கேலி செய்தார்களாம். அப்பா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, "நெசமாவா சொல்றீங்க?" என்றாள். அப்பா "ஹவ்" என்றார். ஆமாம் என்பதற்கு அவருக்கு அந்தச் சொல்தான் வரும்.

சென்னை வந்து, அங்கிருந்து சேலம் வந்து, மலைப் பேருந்தில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் தம்பி வாந்தியெடுத்தான். அம்மா அவனைத் துடைத்துவிட்டாளே தவிர, அவள் முகம் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் வரத் தொடங்கியதும், பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண்ணிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். எந்தத் தோட்டம், யார் மகள், இன்னார் இருக்கிறாரா, அவருக்குக் கண் தெரியாமல் போனதே, இப்போது எப்படி. பேருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்போல ஆகிவிட்டார்கள். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தன் சொந்த ஊரில் அவள் ஒரு லாட்ஜில் தங்கினாள். எந்த ஊர் என்று கேட்ட மேலாளரிடம் அப்பா ஹைதராபாத் என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் முதல் அப்பா எங்களைப் பாயிண்ட் பாயிண்டாக அழைத்துப் போனார். லேடீஸ் சீட்டில் நின்று கீழே வெயில் மூட்டத்தில் கிடந்த சேலத்தைப் பார்த்தோம். பகோடா பாயிண்டில் அடுக்கி வைத்த கற்களைப் பார்த்தோம். கரடிக் குகைக்குள் தம்பி பயந்து அழுதான். சேர்வராயன் மலை உச்சியில் காற்று எங்களைத் தள்ளியது. எல்லா இடத்திலும் அப்பா முன்னால் நடந்தார். அம்மா எங்களைப் போலவே புதிதாகப் பார்த்தாள். ஆனால் வழியில் எதிர்ப்படும் ஆட்களைத்தான் அவள் ஆவலோடு பார்த்தாள். ஆரஞ்சு விற்கிற கிழவி, ரொட்டிக் கடைக்காரர், விறகு சுமந்து வருகிற பெண்கள் என்று யாரிடமாவது நின்றுவிடுவாள். நாங்கள் வெகுதூரம் போய் உட்கார்ந்து காத்திருப்போம்.

பழைய தோட்டத்து வீட்டுக்கும் ஒரு நாள் போனோம். இப்போதிருந்த ரைட்டரின் மனைவி நல்ல மாதிரி. எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "சீசனுக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள். அம்மா "ஆமாங்க" என்றாள். இது நான் பிறந்த வீடு என்று அவள் சொல்லவே இல்லை. தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் இருந்த பலா மரத்தை ஒரு தடவை பார்த்தாள், கிளம்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி அடையாளம் கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, சீசனில் வருகிறவர்களுக்கு அறைகள் விட்டுச் சமைத்தும் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு மதிய வேளைகளில் அம்மா எங்களோடு வரவில்லை. தோழி வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு வர அப்பா என்னை அனுப்பினார். பங்களாவை நெருங்கும்போது உள்ளே ஒரு பெண் உரத்த குரலில் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே பெரிய சிரிப்பு. உள்ளே எட்டிப் பார்த்த பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று தெரிந்தது. அவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பழைய குரலில் "வந்துட்டேன்" என்றாள்.

கிளம்பும் நாளன்று பெட்டியைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக் கட்டியாயிற்று. அப்பா எங்களை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அம்மா கீழேயே நின்றாள். ஏறு என்று அப்பா கையைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அப்பா இறங்கிப் போனார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"நான் வரலீங்க. இங்கயே கொஞ்ச நாள் இருக்கறேன்."

அப்பா எங்கள் ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "எத்தனை நாளு?" என்றார்.

"தெரியலீங்க."

"நான் ஏதாவது சொன்னனா? எதாவது குறை வெச்சனா?"

"அய்யோ, உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. அங்க எனக்கு மூச்சு விட முடியல. அவ்வளவுதான்."

சத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. வழியனுப்ப வந்த தோழி மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்பா நடத்துநரிடம் போய் ஏதோ சொன்னார். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறிப் பெட்டியை அவிழ்த்து இறக்கினான். எங்கள் நால்வருக்கும் அந்த ஒரே பெட்டிதான். பேருந்து நிலையப் புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பா பெட்டியைத் திறந்து, என் பாவாடைகளுக்கும் தம்பியின் சட்டைகளுக்கும் நடுவிலிருந்து அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். குளிருக்கென்று வாங்கிய தன் கம்பளிச் சால்வையையும் அதன்மேல் வைத்தார். தம்பி அழத் தொடங்கியபோது, பேருந்துக்குள் ஏறி வந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டு "நக்கோ பேட்டா, நக்கோ" என்றார். அம்மா ஜன்னலுக்கு அருகில் வந்து என் கையைத் தொட்டாள். பேருந்து கிளம்பி முதல் வளைவு திரும்பும்வரை அவள் அங்கேயே நின்றாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்ததால் நான் அழவில்லை.

அவள் வரவில்லை. மல்காஜ்கிரியில் கேட்டவர்களிடம், உடம்பு சரியில்லை, மலைக்காற்று வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று அப்பா சொன்னார். போலாரத்தில் இருந்த அத்தை, கணவரை இழந்தவள், எங்களோடு வந்து தங்கினாள். அத்தை முதல் மாதம் அம்மாவைத் திட்டினாள். அப்பா ஒரே ஒரு தடவை, "அக்கா, அந்தப் பேச்சு வேணாம்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று. அத்தை திட்டாமல் இருந்திருக்கலாம், அதற்காக அம்மாவைப் பற்றி அடியோடு பேசாமலும் இருந்திருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவேன். அத்தை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அத்தையிடம்தான் நான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றேன். பேசவும் அவளிடம்தான். ஏன் கற்கிறேன் என்று அவள் கேட்டதில்லை.

ஒவ்வொரு எல்.டி.சி.க்கும் அப்பா ஏற்காட்டுக்கே எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் தோழியின் பங்களாவில், சீசன் விருந்தாளிகளில் ஒரு குடும்பமாகத் தங்குவோம். காலையில் அம்மா எல்லா அறைகளுக்கும் காப்பி கொண்டுபோவதுபோல எங்கள் அறைக்கும் கொண்டுவருவாள். வேலை முடிந்ததும் எங்களைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போவாள். இப்போது அவளுக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. எந்த நேரத்தில் எங்கே வெயில் விழும், அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். அப்பாவும் அவளும் அடுத்தடுத்து நின்று சேலத்து விளக்குகளைப் பார்ப்பார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால்தானே.

பள்ளியிறுதி முடிந்து கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அக்டோபர் விடுமுறையில் நான் மட்டும் தனியாகப் போனேன். சீசன் அல்லாத ஏற்காட்டை அப்போதுதான் பார்த்தேன். மழை விடாமல் பெய்தது. படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கடைகளில் பாதி மூடிக்கிடந்தன. லேடீஸ் சீட்டில் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது. தோழி தன் தங்கையைப் பார்க்கத் திருச்சிக்குப் போயிருந்தாள். அத்தனை அறைகள் கொண்ட பங்களாவில் அம்மா மட்டும், சமையலறை அடுப்பருகே, அப்பாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் இங்கே சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்து நினைத்துத்தான் என் கோபத்தை நான் ஆற்றி வைத்திருந்தேன். அந்த நினைப்பும் அன்று என்னிடமிருந்து போய்விட்டது.

"இங்கயும் தனியாத்தானம்மா இருக்கே. எங்ககூட வந்துடேன்" என்றேன்.

அவள் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "இங்க ஆளில்லாம தனியா இருக்கறேன், கண்ணு. மழை விட்டா நாலு பேரு வருவாங்க. அங்க நீங்க மூணு பேரும் என் முன்னாலயே இருந்தீங்க. இருந்தும் தனியா இருந்தேன். அது முடியல."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "எவ்வளவு நல்லா தமிழ் பேசற. அன்னைக்கே நீ இப்படிப் பேசியிருந்தா..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இல்ல. சின்னப் பிள்ளைங்க நீங்க. உங்களுக்கு என்ன தெரியும். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்திய அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பல இரவுகள் நான் அதை முடித்துப் பார்த்திருக்கிறேன்.

என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள். மாரெட்பள்ளியில் என் கணவர் வீட்டாருக்கு முன்னால் குறையில்லாமல் நடந்துகொண்டாள். மல்காஜ்கிரி வீட்டில் ஒரு டப்பாவை எடுக்கக்கூட அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். அப்பா ஓய்வு பெற்றதும், எல்லோரும் எதிர்பார்த்ததுபோல, ஏற்காட்டுக்குக் குடிபோனார். இரண்டு மாதம்கூட இருக்கவில்லை. குளிரில் அவருக்கு இழுப்பு வந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் அவருக்கு அங்கே பேச ஆளில்லை. காலையில் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் பகல் முழுக்க மிச்சம் இருக்கும். தேநீரோடு உட்கார்ந்து பேச இரானி ஹோட்டல் இல்லை, கூட நின்று தக்கணியில் கிண்டலடிக்க ஒருவரும் இல்லை. அவர் வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை அம்மா சில நாள் பார்த்தாளாம். பிறகு அவளே அவருடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்து, பேருந்துவரை கூடவே வந்து ஏற்றிவிட்டாளாம். ஊர் திரும்பிய அப்பா இதை என்னிடம் சொல்லும்போது, "உங்கம்மாவுக்குப் புரியும்" என்றார்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அப்பாவால் பயணம் செய்ய முடியாது. தம்பியும் நானும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை மூட்டம். குழிக்கு மறுபக்கம் நின்றவர்கள் தெரியவில்லை, பாடுவது மட்டும் கேட்டது. அடக்கம் முடிந்து பங்களாவுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்து பேசினார்கள். தம்பிக்குச் சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, நான் கணக்கில் வாங்கிய மார்க், அத்தையின் மூட்டுவலி, அப்பா தேநீரை ஊதி ஊதிக் குடிப்பது, எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அத்தனை ஆண்டுகளும் அவள் எங்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஊரில் அவளுக்கு 'ஹைதராபாத் அக்கா' என்று பெயர்.

இப்போது அந்தப் பங்களா இருந்த இடத்தில் பெரிய ஹோட்டல். சேலத்திலிருந்து கார்கள் வரிசையாக ஏறி வருகின்றன. மழைக்காலத்தில்கூட ஊர் நிறைந்திருக்கிறது. தம்பி வெளிநாட்டில். அப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மாரெட்பள்ளி வீட்டில் தனியாக இருக்கும் மதியங்களில், அடக்கம் முடிந்து திரும்பி வந்த அன்று அப்பாவோடு உட்கார்ந்திருந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். கல்லறை எங்கே இருக்கிறது, யார் யார் வந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண்கள் சொன்னதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், என்னைப் பார்க்காமல், "என்னைப் பத்தி என்ன சொன்னாளாம்?" என்றார்.

"என் வீட்டுக்காரர் தங்கமானவரு, ஒரு நாள் ஒரு பொழுது என்னைச் சத்தம் போட்டதில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்களாம்பா."

அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒரு சத்தம் போட்டிருக்கலாம், இல்ல?" என்றார்.